மகள் கிளாஸ்கோவில், நான் குரோய்டனில்: மெயின்டனன்ஸும் பயணச் செலவும்

பிரிந்த பிறகு பிள்ளை வேறு ஊருக்குப் போய்விட்டால், நம் ஆட்கள் முதலில் கேட்பது இதுதான்: "ட்ரெயின் டிக்கெட்டுக்கே இவ்வளவு போகுதே, மெயின்டனன்ஸ்ல கழிச்சுக்கலாமா?" மெயின்டனன்ஸ் என்பது பிள்ளையின் செலவுக்கு நாம் மாதாமாதம் தரும் பணம். வழி இருக்கிறது. ஆனால் கழிவது கொஞ்சம்தான். அதையும் நீங்களாகக் கழிக்கக் கூடாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்தத் தொகையை நிர்ணயிக்கும் பிரிட்டிஷ் அரசு அமைப்பான சைல்டு மெயின்டனன்ஸ் சர்வீஸ், அதாவது சிஎம்எஸ், வரிக்கு முந்தைய வார வருமானத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. வாரம் 200 முதல் 800 பவுண்டு வரை வாங்குபவருக்கு ஒரு பிள்ளை என்றால் 12 சதவீதம், இரண்டு என்றால் 16, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 19. அப்படிப் பார்த்தால், 600 பவுண்டு வாங்கும் ஒருவர் ஒரு பிள்ளைக்கு வாரம் 72 பவுண்டு தர வேண்டும்.

பயணச் செலவுக்கு 'வேரியேஷன்' என்று ஒன்று உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். ஒப்புக்கொண்டால் உங்கள் செலவை வருமானத்திலிருந்து கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போடுவார்கள். மெயின்டனன்ஸ் தொகையிலிருந்து நேராகக் கழியும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். வாரச் சராசரி 40 பவுண்டு பயணத்துக்குப் போகிறது என்று வையுங்கள். 600 என்பது 560 ஆகும், 72 என்பது 67.20 ஆகும். ஆக, மிச்சம் 4.80. படிக்கும்போதே கோபம் வருகிறது அல்லவா? எனக்கும் வந்தது. ஆனாலும் வருடத்துக்கு 250 பவுண்டை ஒட்டி வருகிற காசு, விடுவானேன்?

வாரச் சராசரி குறைந்தது 10 பவுண்டு இருந்தால்தான் பேச்சே. அந்தச் சராசரியை ஒரு வருடச் செலவை வைத்துப் போடுங்கள். ஒரு மாதத்து ரசீதைக் காட்டி வாதாடாதீர்கள். உங்கள் டிக்கெட், பிள்ளையின் டிக்கெட், சொந்த வண்டி என்றால் எரிபொருள், பால அல்லது சாலைச் சுங்கம் எல்லாம் சேரும். அன்றே திரும்ப முடியாவிட்டால், அல்லது சந்திப்பே இரண்டு நாள் தொடர்ந்து நடப்பது வழக்கம் என்றால், தங்கும் அறைச் செலவும் சேரும். அறை வாடகையோடு வரும் காலை உணவு சரி. ஆனால் மதியம் பிள்ளையோடு பீட்சா சாப்பிட்டது, சினிமா பார்த்தது எல்லாம் உங்கள் கைக்காசு. டாக்சிக்கு, உடல்நிலையோ ஊனமோ காரணமாக வேறு வழியே இல்லை என்று காட்ட வேண்டும்.

செலவு அதிகம் என்று அவர்களுக்குப் பட்டால் குறைத்துப் போடலாம். ஆனால் கோர்ட் உத்தரவில் இத்தனை முறை சந்திக்கலாம் என்று இருந்து, நீங்களும் அதன்படியே போய்வந்துகொண்டிருந்தால், அந்தச் சந்திப்பே நடக்க முடியாத அளவுக்குக் குறைக்க முடியாது. உத்தரவு இருப்பவர்கள் அதன் நகலை விண்ணப்பத்தோடு அனுப்பிவிடுங்கள். இல்லாதவர்கள் போன தேதிகளின் பட்டியலையும் டிக்கெட் மின்னஞ்சல்களையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

சரி, உண்மையில் பெரிய வித்தியாசம் எங்கே? இரவுகளில். பிள்ளை வருடத்தில் 52 இரவாவது உங்கள் பொறுப்பில் உங்களோடு தங்கினால் மெயின்டனன்ஸில் ஏழில் ஒரு பங்கு குறையும். 104 இரவானால் ஏழில் இரண்டு. 72 பவுண்டுக்கு ஏழில் ஒன்று என்பது 10 பவுண்டுக்கு மேல். வேரியேஷனில் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு. அதோடு, தூரத்தில் இருப்பவருக்கு இது எட்டாத எண் இல்லை. பள்ளி விடுமுறை வருடத்துக்குச் சுமார் 13 வாரம். பாதி உங்களிடம் என்றால் 45 இரவு. இடையில் இரண்டிரண்டு இரவாக நான்கு வாரக்கடைசி சேர்த்தால் 53 ஆகிவிடும். விடுமுறையில் நீண்ட நாள் தங்கினால் பயணங்களின் எண்ணிக்கையும் குறையும். வேரியேஷனும் இரவுக் கழிவும் இரண்டும் சேர்ந்தால் 72 என்பது 57.60க்கு வரும்.

ஒன்று மட்டும். பணத்துக்காகத்தான் இரவு கேட்கிறார் என்று பிள்ளையின் அம்மாவுக்குத் தோன்றிவிட்டால் எல்லாம் கெட்டது. தேதிகளைப் பற்றி முதலில் பேசுங்கள், பிள்ளைக்கு எது வசதி என்று கேளுங்கள். சிஎம்எஸ் பேச்சு அப்புறம்.

டிக்கெட் விஷயத்தில் என் அனுபவம்: பிள்ளையை லண்டனுக்குக் கூட்டிவந்து திரும்ப விடுவது என்றால் நான்கு பயணம், அதில் இரண்டு நான் தனியாக. ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரெயில்கார்டு பெரியவர் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கும், பிள்ளை கட்டணத்தில் 60 சதவீதமும் குறைக்கும். ஆனால் 5 முதல் 15 வயதுப் பிள்ளை கூட வந்தால்தான் செல்லும். தனியாகப் போகும் பயணங்களுக்கு அது உதவாது. முன்பதிவு டிக்கெட் சுமார் 12 வாரத்துக்கு முன்பே விற்பனைக்கு வரும். அதனால்தான் தேதிகளை முன்கூட்டியே முடிவு செய்வது இவ்வளவு முக்கியம். பிள்ளையின் அம்மா ஒத்துக்கொண்டால் பிள்ளையை நடுவழியில் கைமாற்றுங்கள். எங்களுக்கு அது பிரஸ்டன் ஸ்டேஷன். என் பயணத் தூரம் ஏறக்குறைய பாதியானது. ரயில் தாமதமானால் 'டிலே ரீபே' என்ற இழப்பீட்டைக் கேட்க மறக்காதீர்கள். அந்தப் பணமும் அடுத்த டிக்கெட்டுக்கு ஆகும்.

இருவரும் பேசக்கூடிய நிலையில் இருந்தால் சிஎம்எஸ்ஸே வேண்டாம். அரசு இணையதளத்தில் இருக்கும் கால்குலேட்டரில் தொகையைப் பார்த்துவிட்டு, பயணத்தை எப்படிப் பங்கிடுவது என்று நீங்களே எழுதி வைத்துக்கொள்ளலாம். "டிக்கெட்டுக்காக மாதம் இவ்வளவு குறைத்துக்கொள்" என்று அவரே சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும்.

சிஎம்எஸ் தொகை நிர்ணயித்த பிறகு மட்டும் ஒரு பவுண்டைக்கூட நீங்களாகக் குறைக்காதீர்கள். இந்த மாதம் டிக்கெட் எடுத்தேன் என்று குறைத்து அனுப்பினால் அது பாக்கி. பிள்ளையின் அம்மா புகார் செய்தால் 'கலெக்ட் அண்ட் பே'க்கு, அதாவது சிஎம்எஸ்ஸே உங்களிடம் வசூலித்து அவருக்குக் கொடுக்கும் முறைக்கு, மாற்றிவிடலாம். அதில் உங்களுக்கு 20 சதவீதம் கூடுதல் கட்டணம், 72 என்பது 86.40 ஆகும். வாங்குபவருக்கும் 4 சதவீதம் பிடிப்பார்கள். யாருக்கும் லாபமில்லை.

வேரியேஷனை மறுத்துவிட்டால் 30 நாளுக்குள் 'மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன்', அதாவது சிஎம்எஸ்ஸே முடிவை மறுபடி பரிசீலிப்பதை, கேளுங்கள். அதிலும் இல்லை என்றால் ட்ரிப்யூனலுக்கு, அதாவது தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதுவரை பழைய தொகையையே கட்டி வாருங்கள்.