அடுப்பின் திறனை நீங்களே அளப்பது எப்படி?

அடுப்பு மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இருக்கும் அடுப்பை அளந்து பாருங்கள். தராசு, வெப்பமானி, தண்ணீர் போதும். திறன் என்று இங்கே சொல்வது, எரிபொருள் தரும் வெப்பத்தில் தண்ணீருக்குள் போய்ச் சேரும் பங்கை.

வெப்பம் இரண்டு இடங்களில் வீணாகிறது. எரிபொருள் அரைகுறையாக எரிவது ஒன்று. எரிந்து வந்த வெப்பம் பாத்திரத்தில் ஏறாமல் காற்றோடு போவது இன்னொன்று.

படி 1: சுடரைப் பாருங்கள்

கார்பன் முழுதாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக்சிஜன் போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அப்போது கிடைப்பது முழு வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை, உயிரையே பறிக்கும். அதனால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டே தொடங்குங்கள்.

கேஸ் அடுப்பில் சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னர் துளைகளையும் காற்று நுழையும் வழியையும் சுத்தம் செய்யுங்கள். விறகின் சுடர் இயல்பாகவே மஞ்சள்தான். அங்கே புகையைக் கவனியுங்கள். எரியாமல் தப்பிய எரிபொருள்தான் அடர்ந்த புகை.

காற்று அளவுக்கு மீறினாலும் நஷ்டம்தான். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். மீதியில் பெரும்பங்கான நைட்ரஜன் எரிவதில்லை, சூடேறி வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு வெளியேறும்.

படி 2: விறகானால் ஈரம் போக்குங்கள்

எடையில் பாதி தண்ணீராக இருக்கும் ஒரு கிலோ பச்சை விறகில் எரியக்கூடியது அரைக் கிலோதான். அதிலிருந்து வரும் வெப்பத்திலும் சுமார் 1.3 மெகாஜூல் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். பிளந்து, காற்றோட்டமான நிழலில் மாதக்கணக்கில் உலர்த்துங்கள். விறகடுப்புக்கு இதைவிடப் பலன் தரும் வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை.

படி 3: அளவீடு

மண்ணெண்ணெய் ஸ்டவ் இதற்கு வசதி. அணைந்து ஆறியிருக்கும்போது ஸ்டவ்வை எடை போடுங்கள். 2 லிட்டர் தண்ணீரை மூடி போட்டு 25 டிகிரியிலிருந்து 95 டிகிரி வரை சூடாக்குங்கள். கொதிக்க விட்டால் ஆவியாகும் நீர் கணக்கைக் குழப்பிவிடும். அணைத்து, ஆறிய பிறகு மறுபடி எடை போடுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4.19 கிலோஜூல் வேண்டும். தண்ணீர் பெற்ற வெப்பம்: 2 × 4.19 × 70 = சுமார் 587 கிலோஜூல்.

மண்ணெண்ணெய் கிராமுக்குச் சுமார் 43 கிலோஜூல் தரும். 30 கிராம் குறைந்திருந்தால் 1290 கிலோஜூல். 587-ஐ 1290-ஆல் வகுத்தால் திறன் சுமார் 45 சதவீதம். பாதிக்கு மேல் அறைக்குள் போய்விட்டது!

படி 4: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

அகலமான பாத்திரம், சிறிய சுடர், மூடி, காற்றுத் தடுப்பு: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, அதே 2 லிட்டரை அதே வெப்பநிலைக்குக் கொண்டுபோய் எடையைக் குறியுங்கள். சுடர் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேலேறினால் முதலில் அதைக் குறைத்துப் பாருங்கள். தண்ணீர் சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், எரிபொருள் குறைவாகச் செலவாகும்.