ஊருக்குப் போனதும் அம்மாவின் போனோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள்

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா போனை நீட்டி, "இது என்னடா, அரை மணிக்கு ஒரு தடவை வைரஸ் இருக்குன்னு வருது, பயமா இருக்கு" என்றார். திரையை மேலிருந்து இழுத்துப் பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினேழு அறிவிப்புகள். போனில் வைரஸ், பேட்டரி கெட்டுவிட்டது, வங்கிக் கணக்கு முடக்கம், உங்களுக்குப் பரிசு. அதற்கு நடுவில் அக்கா முந்தின நாள் அனுப்பிய மெசேஜ் ஒன்று புதைந்து கிடந்தது, அம்மா அதைப் பார்க்கவே இல்லை.

அன்று உட்கார்ந்து செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு போனுக்கானது இது. கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும். நான் சொல்லும் பெயர் அகப்படாவிட்டால் செட்டிங்ஸில் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் அந்தச் சொல்லை அடியுங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

தொடங்கும் முன்

திட்டாதீர்கள். "இதையெல்லாம் ஏன் அமுக்கினாய்" என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அடுத்த முறை உண்மையிலேயே ஏதாவது நடக்கும்போது உங்களிடம் சொல்ல மாட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா பணத்தைப் பறிகொடுத்துவிட்டு, மகன் என்ன சொல்வானோ என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் சொல்லியிருந்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி இருந்திருக்கலாம். ஏமாற்றுகிறவன் நாள் முழுக்க இதையே தொழிலாகச் செய்கிறவன். அவனிடம் ஏமாந்தவரைக் குறை சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்று, போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், அவர்கள் அழுத்தட்டும். நேரம் இரண்டு மடங்காகும், ஆனால் எது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் வேலை: அந்தப் 'போலி வைரஸ்' அறிவிப்புகள்

தொந்தரவு தரும் அறிவிப்பு ஒன்றைத் தட்டாமல் அப்படியே அழுத்திப் பிடியுங்கள். எந்த ஆப்பிலிருந்து வந்தது என்று தெரியும். அம்மாவின் போனில் பதினேழில் பதினாலு குரோமிலிருந்து வந்தவை, ஒவ்வொன்றிலும் சின்ன எழுத்தில் ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர் இருந்தது. ராசிபலன், சமையல் குறிப்பு, சீரியல் கதை என்று எதையாவது படிக்கப் போகும்போது "அறிவிப்பு அனுப்பலாமா" என்று ஒரு பெட்டி எழும்பி எழுத்தை மறைக்கும். அது போனால்தான் படிக்க முடியும் என்று நினைத்து யாரும் 'அலோ' (அனுமதி) என்பதை அழுத்திவிடுவார்கள். அன்றிலிருந்து அந்தத் தளம் நினைத்தபோதெல்லாம் போனுக்குள் விளம்பரம் தள்ளும். போனில் வைரஸே இருக்காது, அப்படி எழுதி அனுப்ப அந்தத் தளத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

குரோமைத் திறந்து வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளி, அதில் செட்டிங்ஸ், அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்கள் எல்லாம் பட்டியலாக இருக்கும், ஒவ்வொன்றாகத் தடுத்துவிடுங்கள். அப்புறம் அதே பக்கத்தில் மேலே இருக்கும் சுவிட்சையே அணைத்துவிடுங்கள், இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கேட்காது. உலாவியில் இப்படி ஒரு வசதியை வைத்ததே தப்பு என்பது என் கருத்து. செய்தித் தளத்தின் அறிவிப்பு வராததால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை.

அடுத்து, வேண்டாத ஆப்கள்

போனைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஆப், பேட்டரியைக் காப்பாற்றும் ஆப், டார்ச் ஆப், எழுத்துக்கு வண்ணம் போடும் கீபோர்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டார்ச் போனிலேயே இருக்கிறது. யாரோ 'உதவி' செய்வதாகச் சொல்லி ஏற்றச் சொன்ன திரைப் பகிர்வு ஆப் ஏதாவது இருந்தால் அதுவும் வேண்டாம். அந்த ஆப் நல்ல கம்பெனியின் நல்ல ஆப்பாகவே இருக்கலாம், ஆனால் அம்மா திரையில் பார்க்கும் ஓடிபியை மறுமுனையில் இருப்பவனும் அப்படியே பார்ப்பான்.

செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வைத்த வசதி அது. அங்கே அனுமதி பெற்ற ஆப் திரையைப் படிக்கும், நமக்குப் பதில் பட்டனை அழுத்தும். பெயர் தெரியாத ஏதாவது அங்கே 'ஆன்' ஆகியிருந்தால் உடனே அணையுங்கள்.

ஏபிகே: இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

இப்போது அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். வாட்ஸ்அப்பில் தெரிந்த நம்பரிலிருந்தே ஒரு கல்யாணப் பத்திரிகை வரும், அல்லது வண்டிக்கு அபராதம் போட்ட சலான், அல்லது வங்கிக் கணக்கைப் புதுப்பிக்கும் படிவம். தட்டினால் படம் திறக்காது, 'இன்ஸ்டால்' என்று கேட்கும். கோப்பின் பெயர் ஏபிகே என்ற மூன்று ஆங்கில எழுத்தில் முடிந்திருக்கும். அது ஒரு முழு ஆப். உள்ளே போனதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் அப்படியே வேறொருவனுக்குப் போகும். உங்கள் வாட்ஸ்அப்பும் அவன் கைக்குப் போய்விட்டால் அடுத்த பத்திரிகை உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரர்களுக்குப் போகும். அதனால்தான் தெரிந்த நம்பர் என்பதை மட்டும் நம்பக் கூடாது.

அம்மாவிடம் இதைச் சொன்ன விதம்: "பத்திரிகைன்னா படமா வரும், இல்லைன்னா பிடிஎஃப்பா வரும். பத்திரிகையை யாரும் இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்லை." சட்டென்று பிடித்துக்கொண்டார்.

ஆனால் ஞாபகத்தை மட்டும் நம்பி விட வேண்டாம், கதவையே பூட்டலாம். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் ஸ்பெஷல் ஆப் அக்சஸ், அதில் இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ். அங்கே வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் என்று இருக்கும் எல்லாவற்றுக்கும் அனுமதி இல்லை என்றே இருக்க வேண்டும். பிளே ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு, ஆப்களைச் சோதிக்கும் பிளே புரொடெக்ட் 'ஆன்' ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே அப்படி ஏதாவது ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால், முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு இணைய வங்கி, யுபிஐ இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் போனை மொத்தமாக அழித்துப் புதிதாகத் தொடங்குங்கள். இந்த ஆப்களில் சில தங்கள் ஐகானை மறைத்துக்கொள்ளும் என்பதால் தேடித் தேடி நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

வாட்ஸ்அப்

வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதியில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருக்கும், அதில் ஆறு இலக்க பின் போடுங்கள். பிரைவசி பகுதியில் கால்ஸ் என்பதற்குள் போய், தெரியாதவர்கள் அழைப்பு ஒலிக்காதபடி செய்யுங்கள். குரூப்ஸ் என்பதில் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள், பங்குச் சந்தையில் பணம் பண்ணலாம் என்று வரும் குழுக்களில் முக்கால்வாசி அதோடு நின்றுவிடும். கடைசியாக லிங்க்டு டிவைசஸ். அங்கே நீங்கள் இணைக்காத கம்ப்யூட்டர் ஏதாவது தெரிந்தால் வெளியேற்றுங்கள்.

அழைப்புகளும் எஸ்எம்எஸ்ஸும்

ஸ்டார்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடம் விட்டு 0 போட்டு 1909க்கு அனுப்புங்கள். எல்லா வகை விளம்பரமும் வேண்டாம் என்று பதிவாகிவிடும். "இதைச் செய்தும் கால் வருதே" என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். பதிவு செய்து தொழில் நடத்தும் கம்பெனிகளைத்தான் இது நிறுத்தும், திருடன் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு டயல் செய்வதில்லை. இருந்தாலும் அவசியம் செய்யுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு வரும் விளம்பரம் எல்லாமே சந்தேகப்பட வேண்டியது என்று எளிதாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

விளம்பர அழைப்பு 140ல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும் என்பது விதி. வங்கிகள் போன்றவை கூப்பிடுவதற்கென்று 1600 வரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து "லோன் வேணுமா சார்" என்று வந்தால் அதுவே விதிமீறல், 1909க்குப் புகார் கொடுக்கலாம். 2025ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைக் கொஞ்சம் வலுவாக்கியது. புகார் சொல்ல ஏழு நாள் அவகாசம் உண்டு, ஓர் எண்மீது பத்து நாளுக்குள் ஐந்து புகார் சேர்ந்தாலே நடவடிக்கை தொடங்கும். ஐந்துதான் என்பதால் நம் ஒரு புகாருக்கும் மதிப்பு இருக்கிறது. ஏமாற்று அழைப்பு என்றால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் தெரிவிக்கலாம். அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம், ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எஸ்எம்எஸ் அனுப்பும் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பணப் பரிவர்த்தனை, ஜி அரசு. அம்மாவுக்கு நான்கையும் சொல்லவில்லை, "பேங்க், கரண்ட் ஆபீஸ் எதுவும் பத்து நம்பர் போன்ல இருந்து மெசேஜ் அனுப்பாது" என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கரண்ட் மெசேஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். "போன மாத பில் கட்டாததால் இன்று இரவு 9.30க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள்" என்று வரும். வடக்கே எழுதிய ஒன்றை ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நம் தமிழ்நாட்டில் வீட்டுக்கு ரீடிங் எடுப்பதே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. மீட்டர் ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையை எடுத்துவந்து அம்மாவிடம் காட்டினேன். "போன மாச பில்லுன்னு ஒண்ணு ஏது?" என்று அவரே கேட்டார்.

பணம்

யுபிஐயில் ஒன்றே ஒன்று: பின் போட்டால் பணம் போகும். பணம் வருவதற்கு அந்தப் பின் நம்பர் தேவையே இல்லை. பழைய கட்டிலை விற்கப் போட்டால், "பணம் அனுப்பியிருக்கேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று ஒருவன் வருவான், போட்டால் போனது போனதுதான். தனி நபர்கள் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது, ரொம்ப நாள் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

இன்னொரு யோசனை, எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிக முக்கியமானது. பென்ஷன் வரும் கணக்கையும் வைப்பு நிதி இருக்கும் கணக்கையும் யுபிஐயோடு இணைக்காதீர்கள். வேறொரு சின்னக் கணக்கு தொடங்கி, மளிகைக்கும் மருந்துக்குமான ஐயாயிரம் பத்தாயிரத்தை மட்டும் அதில் வைத்து, அதைத்தான் போனில் இணையுங்கள். என்ன தப்பு நடந்தாலும் அந்த அளவோடு நிற்கும். மாதா மாதம் மாற்றிவிடுவது ஒரு தொல்லை என்றார் அப்பா. அந்தத் தொல்லையை நான் எடுத்துக்கொண்டேன்.

பாஸ்வேர்டு

நோட்டில் எழுதி பீரோவில் வைக்கட்டும். பாஸ்வேர்டை எழுதக் கூடாது என்று ஆபீஸில் சொல்வதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், வெளியூரில் உட்கார்ந்திருப்பவன் பீரோவைத் திறக்கப் போவதில்லை. ஏடிஎம் பின்னை மட்டும் எங்கும் எழுத வேண்டாம், முக்கியமாகப் போன் கவருக்குள்.

வீடியோவில் வரும் போலீஸ்

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் இதைச் சொன்னார், ஆனாலும் படித்தவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் எல்லாம் இதில் மாட்டுகிறார்கள். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் வருகிறவர்கள், உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் பணமோசடி என்று தொடங்கி, கேமராவை அணைக்காதே, வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்று மணிக்கணக்கில் உட்கார வைத்துவிடுவார்கள். அவர்கள் பயப்படுவது அந்த ஒன்றுக்குத்தான், வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் ஆட்டம் முடிந்தது. அதனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான் சொல்லியிருப்பது இது: யாரிடமும் சொல்லாதே என்று எவன் சொன்னாலும் அவன் திருடன், கட் பண்ணிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், ராத்திரி ரெண்டு மணி என்றாலும் கூப்பிடுங்கள்.

கடைசி வேலை: ஒரு தாள்

ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக 1930 என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பண மோசடிக்கான உதவி எண் இது. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு, அதனால் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்பே இதைக் கூப்பிட வேண்டும். அதற்குக் கீழே வங்கி அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணை எழுதுங்கள். வங்கியின் எண்ணை ஒருபோதும் கூகுளில் தேடி எடுக்க வேண்டாம், தேடலில் போலி எண்களும் வருகின்றன.

பேசும்போது எந்த வங்கி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள், எல்லாம் வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸில் இருக்கும். ஆகவே பதற்றத்தில் எந்த மெசேஜையும் அழித்துவிடக் கூடாது என்றும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். கொடுக்கும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வங்கியின் தவறும் இல்லாமல் நம் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்தால், வங்கி தகவல் சொன்னதிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் நாம் புகார் செய்தால் நமக்குப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அந்த ஒப்புகையில் தேதியும் நேரமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.