கோல்ஃப் கிளப் நீளம்: கட்டுப்பாட்டைக் கெடுக்கும் தவறுகள்

ஸ்டீல் ஷாஃப்டும் (கிளப்பின் தண்டு) மரத் தலையும் இருந்த காலத்தில், அதிக தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரின் நீளம் சுமார் 43 அங்குலம். இன்று கடையில் நிற்கும் ஆண்களுக்கான டிரைவர்களில் பெரும்பாலானவை 45.5 அங்குலத்தை ஒட்டியவை. ஷாஃப்ட் கிராஃபைட்டாக மாறி எடை குறைந்ததும் கம்பனிகள் நீளத்தைக் கூட்டின. நீண்ட கிளப்பின் தலை வேகமாகச் சுற்றும் என்பது உண்மைதான். ஆனால் பந்து கிளப் முகத்தின் (தலையில் பந்து படும் பரப்பு) நடுவில் படாவிட்டால் அந்த வேகத்தால் பயனில்லை. நீளம் கூடக் கூட பந்து உடம்பிலிருந்து விலகிப் போகிறது, கையில் நேரும் சின்னப் பிசகும் தலையில் பெரிதாகத் தெரிகிறது.

தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே பலர் 45 அங்குலத்துக்குள் நிற்கிறார்கள். 2017இல் ரிக்கி ஃபௌலர் 43.5 அங்குல டிரைவரோடு ஆடினார். ஜிம்மி வோக்கர் அதே ஆண்டில் 42 வரை இறங்கினார். வாரம் ஒரு முறை ஆடும் நமக்கு 45.5 எதற்கு? கொழும்பு பொரளையிலுள்ள ரோயல் கொழும்பு கோல்ஃப் மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே களனிவெளி ரயில் பாதை, பக்கத்திலெல்லாம் தண்ணீர். அங்கே பத்து யார் தூரம் கூடுதலாக அடிப்பதைவிட ஒரு தண்டனை அடியைத் தவிர்ப்பது இலாபம்.

முதல் தவறு, உயரத்தை மட்டும் பார்த்து நீளம் தீர்மானிப்பது. ஆறடி ஆளுக்குக் கையும் நீளமாக இருந்தால் சாதாரண நீளமே போதும். அளக்க வேண்டியது மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரையான தூரம். ஆடும் சப்பாத்தோடு நிமிர்ந்து நின்று, கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து அளந்தால் தோள் இறங்கிக் கணக்குப் பிழைக்கும். 34 அங்குலத்தை ஒட்டி வந்தால் சாதாரண நீளம், அதாவது 7ஆம் அயனுக்கு (நடுத்தர தூரத்துக்கான உலோகத் தலைக் கிளப்) 37 அங்குலம். 32க்குக் கீழே போனால் அரை அங்குலம் குறைத்துப் பார்க்கலாம். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. இறுதி முடிவைச் சொல்வது கிளப் முகத்தில் விழும் அடையாளம்.

அந்த அடையாளத்தைப் பார்க்காமலே நீளத்தைக் குறை சொல்வது அடுத்த தவறு. வைட்போர்ட் மார்க்கரால் பந்தில் தடித்த புள்ளி போட்டு, அந்தப் புள்ளி முகத்தைப் பார்க்குமாறு வைத்து, பத்துப் பந்து அடியுங்கள். மை முகத்தில் ஒட்டும். புள்ளிகள் முகத்தின் நுனிக்கும் (ஷாஃப்டுக்கு எதிர்ப்பக்கம்) குதிக்கும் (ஷாஃப்ட் பக்கம்) இடையே சிதறிக் கிடந்தால் கிளப் உங்களுக்கு நீளமாக இருக்கலாம். எல்லாம் ஒரே இடத்தில், ஆனால் நடுவை விட்டு விலகி விழுந்தால், பிழை நீளத்தில் இல்லாமல் பந்துக்கும் காலுக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். வலக்கை ஆட்டக்காரரின் டிரைவர் நுனியில் பட்டால் பந்து இடப்பக்கம் வளையும், குதியில் பட்டால் வலப்பக்கம். இது தெரியாமல் ஸ்விங்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம்.

சிதறுகிறது என்று தெரிந்ததும் அவசரப்பட்டு ஷாஃப்டை வெட்டாதீர்கள். கிரிப்பின் மேல்முனையிலிருந்து ஒரு அங்குலம் கீழே டேப் ஒட்டி, அதற்குக் கீழே பிடித்துச் சில சுற்று ஆடுங்கள். காசு செலவில்லை, பிடிக்காவிட்டால் டேப்பை உரித்துவிடலாம். பந்துக்குச் சற்று நெருங்கி நிற்க மறக்க வேண்டாம். பழைய தூரத்திலேயே நின்றால் எல்லாம் நுனியில்தான் படும், பிறகு பழி குட்டைக் கிளப்பின் மேல் விழும்.

வெட்டுவதென்று முடிவானால், கிரிப் இருக்கும் முனையில் மட்டும் வெட்ட வேண்டும். தலைப்பக்கம் வெட்டினால் ஷாஃப்ட் மிகவும் விறைத்துவிடும். கிராஃபைட்டில் குழாய் வெட்டும் கருவியை வைக்கவே கூடாது, நார்கள் நசுங்கிப் பிளக்கும். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இறுகச் சுற்றி, நுண்பல் வாளால் மெதுவாக அறுக்க வேண்டும். தூசு மூக்கில் போகாமல் முகக்கவசம் அணியுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகு. அரை அங்குலம் குறைத்தால் ஸ்விங் வெயிட், அதாவது சுழற்றும்போது கைக்குத் தெரியும் தலைக் கனம், ஏறத்தாழ மூன்று புள்ளி இறங்கும். ஒரு அங்குலம் வெட்டினால், எழுத்தும் எண்ணுமாகக் குறிக்கும் இந்த அளவில், டி2 என்று இருந்தது ஆறு புள்ளி இறங்கி சி6 ஆகிவிடும். தலை எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாது, பதற்றத்தில் கை முந்தும். ஒரு புள்ளியை மீட்கத் தலையில் சுமார் 2 கிராம் ஏற்ற வேண்டும், ஆக முழுமையாக ஈடுகட்ட 12 கிராம். முழுவதையும் ஏற்றியே ஆக வேண்டும் என்றில்லை. முதலில் 4 கிராம் ஈய டேப்பைத் தலையின் அடியில் ஒட்டி அடித்துப் பாருங்கள், போதாவிட்டால் இரண்டிரண்டு கிராமாகக் கூட்டுங்கள். திருகு எடை உள்ள டிரைவரென்றால் கனமான திருகை மாற்றினால் வேலை முடிந்தது.

அயன்களில் கதை வேறு. லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் மாமா அனுப்பிய செட் வீட்டுக்கு வரும். அவர் உயரமானவர், கிளப்புகளை அரை அங்குலம் நீட்டி வைத்திருப்பார். அரை அங்குலம் கூடினாலே தலை ஏறக்குறைய ஒரு பாகை நிமிர்ந்ததுபோல் நிலத்தைத் தொடும், நுனி எழும்பும், வலக்கைக்காரரின் பந்து இடப்பக்கம் கிளம்பும். பந்தில் மார்க்கரால் நெட்டுக்கோடு போட்டு அடித்தால், முகத்தில் பதியும் கோடு செங்குத்தாக நிற்கிறதா சாய்கிறதா என்று பார்க்கலாம். சாய்ந்தால் லை கோணத்தை, அதாவது ஷாஃப்ட் நிலத்தோடு சாயும் கோணத்தை, திருத்த வேண்டும். ஃபோர்ஜ் செய்த (அடித்து உருவாக்கிய) தலைகளை ஓரிரு பாகை வளைக்கலாம். வார்ப்புத் தலைகளில் சில உடையும், ஆகவே அனுபவமுள்ள பட்டறையில் மட்டும் கொடுங்கள்.

பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்பான பட்டர் நீளமாக இருந்தால் முழங்கை வயிற்றில் இடிக்கும், கண் பந்துக்கு மேலே வராது. குனிந்து வசதியாக நிற்கும்போது கை எங்கே தொங்குகிறதோ அதுதான் அளவு.

பிள்ளைகளுக்கு அப்பாவின் கிளப்பை வெட்டிக் கொடுப்பது இங்கே சகஜம். ஷாஃப்ட் குட்டையாகும், தலையின் கனம் அப்படியே இருக்கும், விறைப்பும் கூடும். பிள்ளை அதைத் தூக்கவே உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துப் பழகிவிடும். பிள்ளைகளுக்கென்றே செய்த 7ஆம் அயன் ஒன்றும் பட்டர் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள், தொடங்க அது தாராளம்.