மதிப்பெண்ணுக்காகத் தொடங்கிய வலைப்பதிவு: பாடம் முடிந்தபின் தொடரும் தவறுகள்

பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் பாடத்துக்காக ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒரு பதிவு எழுதச் சொன்னார்கள். 12 வாரம், 12 பதிவு, இறுதியில் ஒரு சுயமதிப்பீடு. மதிப்பெண் வந்தது, பாடம் முடிந்தது. வலைப்பதிவு மட்டும் இணையத்தில் கிடந்தது. சில ஆண்டுகள் கழித்து ஒரு வேலைக்கான நேர்காணலில், எதிரே அமர்ந்திருந்தவர் அதிலிருந்து ஒரு வரியை எனக்கே வாசித்துக் காட்டினார். வரியில் பிழை எதுவும் இல்லை. அதை எழுதியவனைத்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எட்டாவது வாரம், நள்ளிரவுக் கெடு, இன்னும் 150 சொற்கள் தேவை என்ற நிலையில் பிறந்த வரி அது.

அன்று வீடு திரும்பி 12 பதிவுகளையும் ஒரே மூச்சில் படித்தேன். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த வாசிப்பில் அகப்பட்டவை. எல்லாமே என்னுடையவை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கணிசமானவை என்னுடையவைதான்.

முதலாவது, குரல். “இந்த வாரம் கற்ற கோட்பாட்டை என் அனுபவத்தோடு பொருத்திப் பார்க்கிறேன்” என்று தொடங்கும் பதிவை வகுப்புக்கு வெளியே எவரும் இரண்டாவது வரி வரை படிப்பதில்லை. பாடத்துக்கான வலைப்பதிவுக்கு ஒரே வாசகர் ஆசிரியர். அவர் படித்தே ஆக வேண்டும், அதற்குச் சம்பளம் வாங்குகிறார். மற்றவர்களுக்கு அந்தக் கடமை இல்லை. பட்டம் பெற்றபின்னும் தொடர்ந்து எழுதுகிறவர்கள் இந்தக் குரலைக் கழற்றி வைக்க மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பதிவின் அடியிலும் ‘இதிலிருந்து நான் உணர்ந்தது’ என்று ஒரு பத்தி வாலாக ஒட்டிக்கொண்டிருக்கும். மதிப்பெண் படிவத்தில் ‘சுயவிமர்சனம்’ என்று ஒரு கட்டம் இருந்த காரணத்துக்காக, செய்யாத தவறைக்கூட ஒப்புக்கொண்டு நான் திருந்தியிருக்கிறேன். ஐந்தாவது வாரப் பதிவில் இருமுறை திருந்தியிருக்கிறேன்.

இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். அந்தப் பாடத்தைப் படிக்காத, ஆனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை மனத்தில் இருத்திக்கொண்டு எழுதுங்கள். அவரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூசும் சொற்றொடர் எதுவோ, அது மதிப்பெண்ணுக்காக எழுதியது.

முகவரியிலும் இதே தவறு நடக்கிறது. என் வலைப்பதிவின் பெயரிலேயே பாடக் குறியீடும் ஆண்டும் இருந்தன. ஒரு பருவத்துக்குப் பொருத்தமான பெயர், பிறகு பழைய அடையாள அட்டை. நடுவில் மாற்றினால் அதுவரை மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும். பல்கலைக்கழகத்தின் வழங்கியிலேயே எழுதியவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். படிப்பு முடிந்து கணக்கை மூடினால் பதிவுகளும் போய்விடலாம். 2009 அக்டோபரில் தனிநபர்கள் இலவசமாகப் பக்கம் தொடங்க இடம் தந்த தன் ஜியோசிட்டிஸ் சேவையை யாஹூ மூடியபோது லட்சக்கணக்கான தனிமனிதப் பக்கங்கள் அந்த முகவரிகளிலிருந்து மறைந்தன. வலைப்பதிவுத் தளங்களான பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் பதிவுகள் அனைத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஐந்து நிமிட வேலை, யாரும் செய்வதில்லை.

மேடை உவமையை நம்பிவிடுவது

எர்விங் காஃப்மனைத் தொடாமல் இந்தப் பாடத்தைக் கடந்தவர் குறைவு. அன்றாட வாழ்க்கையை நாடகத்தோடு ஒப்பிட்ட சமூகவியலாளர் அவர். மனிதர்கள் மேடையில் ஒருவிதமாகவும் திரைமறைவில் வேறுவிதமாகவும் நடந்துகொள்கிறார்கள் என்று 1950களில் எழுதினார். அவர் கவனித்தது நேருக்கு நேர் சந்திக்கும் மனிதர்களை. நாங்கள் எல்லோரும் அதைத் தூக்கி இணையத்தின்மேல் வைத்து ஒரே கட்டுரையை எழுதினோம்: வலைப்பதிவு மேடை, அதில் இருப்பது வேடம், உண்மையான நான் திரைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறேன்.

எழுத வசதியான வாதம்தான். ஆனால் நாடகக்காரருக்கு அரங்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும், ஆட்டம் முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும். வலைப்பதிவில் இந்த இரண்டுமே நடப்பதில்லை. நண்பன், சித்தி, பழைய ஆசிரியர், இன்னும் சந்திக்காத மேலாளர் எல்லோரும் ஒரே வரிசையில், வெவ்வேறு ஆண்டுகளில் வந்து உட்காருகிறார்கள். மைக்கேல் வெஷ், டேனா பாய்ட் போன்ற ஆய்வாளர்கள் சூழல்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்துவிடுவதாக இதை விவரித்தார்கள். 2011இல் ட்விட்டர் பயனர்களைப் பற்றி ஆலிஸ் மார்விக்கும் பாய்டும் எழுதிய ஆய்விலும் இதே சிக்கல்தான்: எழுதுகிறவர் கற்பனை செய்துகொள்ளும் வாசகர் ஒருவர், உண்மையில் படிப்பவர் வேறொருவர்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் அடுத்த தவறுக்குள் விழுகிறார்கள். யாரையும் உறுத்தாதபடி ஒவ்வொரு கருத்தையும் இழைத்து இழைத்து, கடைசியில் மரத்தூள் மட்டும் மிஞ்சும். அல்லது ஆளுக்கொரு கணக்கு என்று நான்கைந்து தொடங்கி, எந்தப் பெயரில் எதைச் சொன்னோம் என்று தாங்களே குழம்புகிறார்கள். ஒரு பெயர், ஒரு துறை, இது யாருக்காக எழுதியது என்று பதிவிலேயே ஒரு வரி: எனக்கு இது போதுமானதாக இருக்கிறது. தவறான வாசகர் வந்தாலும், தான் வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டோம் என்று அவருக்காவது தெரியும்.

புனைபெயர் ஒரு போர்வை என்று எண்ணுவது

மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். சொந்தப் பெயரை எடுத்துவிட்டால் போதுமா என்கிறார்கள். பெயர் என்பது அடையாளத்தில் ஒரு துண்டுதான்.

2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் ஆய்வாளர்களுக்கு உதவும் என்று எண்ணி, சுமார் 6,50,000 பயனர்கள் செய்த ஏறக்குறைய 2 கோடி தேடல்களை வெளியிட்டது. பெயர்களை நீக்கி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். சில நாள்களிலேயே நாளிதழ் நிருபர்கள் ஓர் எண்ணுக்கு உரிய பெண்மணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தன் ஊரில் கிடைக்கும் சேவைகளையும், தன் குடும்பப் பெயர் கொண்டவர்களையும் அவர் தேடியிருந்தார். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே இரகசியம் இல்லை.

வலைப்பதிவில் நாம் அதைவிடத் தாராளமாகத் துண்டுகளைச் சிந்துகிறோம். வகுப்பு எத்தனை மணிக்கு, எந்தப் பேருந்து தாமதம், நாயின் பெயர், தேர்வு முடிவு வந்த நாள். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் அது எடுக்கப்பட்ட இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒளிந்திருக்கலாம். பெரிய சமூக ஊடகங்கள் பலவும் படத்தை ஏற்றும்போதே அந்தத் தகவலை நீக்கிவிடுகின்றன. சொந்தத் தளத்தில் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

எழுத்து நடையும் காட்டிக்கொடுக்கும். 2013இல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் வெளிவந்த துப்பறியும் நாவல் ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ஜே.கே. ரௌலிங்குடையது என்று ஒரு நாளிதழுக்குத் துப்புக் கிடைத்தது. அவர்கள் மொழிநடையைக் கணினியில் ஒப்பிடும் ஆய்வாளர்களை நாடினார்கள். சொற்களின் நீளம், அடிக்கடி வரும் சின்னஞ்சிறு சொற்கள் முதலியவை ரௌலிங்கின் பக்கம் சாய்ந்தன. பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். சொல்லும் கதையை மாற்றலாம், ‘ஆனாலும்’ எங்கே போடுகிறோம் என்பதை மாற்றுவது கடினம். நான் காற்புள்ளி இல்லாமல் எழுத முயன்றிருக்கிறேன், முடிந்ததில்லை.

ஆகவே புனைபெயர் வேண்டாம் என்கிறேனா? இல்லை. அண்டை வீட்டாரிடமிருந்தும் போகிறபோக்கில் தேடுகிறவர்களிடமிருந்தும் அது காக்கும். பிடிவாதமாகத் தேடுகிறவரிடமிருந்து காக்காது. உங்கள் ஆபத்து எந்த வகை என்பதை முதலில் பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. புனைபெயர் வேறு, புனைந்த ஆள் வேறு. 2011இல் சிரியாவின் டமாஸ்கஸில் வாழும் தன்பாலீர்ப்புள்ள இளம்பெண் எழுதுவதாக ஒரு வலைப்பதிவு புகழ்பெற்றது. அவர் கடத்தப்பட்டார் என்று அதிலேயே செய்தி வந்ததும் விடுதலை கோரிப் பல நாடுகளிலிருந்து குரல் எழுந்தது. எழுதியவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த 40 வயது அமெரிக்க ஆண் என்பது அந்த ஜூனில் வெளிவந்தது. அவர் பயன்படுத்திய முகம், தொடர்பே இல்லாத வேறொரு பெண்ணுடையது. சிரியாவில் உண்மையாகவே மறைந்து வாழ்ந்து எழுதியவர்களின் கோபம் இன்றும் எனக்கு நியாயமாகவே படுகிறது. வகுப்பில் ‘அடையாளத்தோடு விளையாடலாம்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். பெயரை மறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பட்டிராத துன்பத்தை உங்களுடையதாக எழுதாதீர்கள்.

சில சிறு தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேடுபொறியில் கிடைத்த படத்தை எடுத்துப் போடுவது: காப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, படைத்த உடனேயே அது பிறந்துவிடுகிறது என்பதே காப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் நெறி. வகுப்பறைக்குள் பயன்படுத்தக் கிடைக்கும் சலுகை பொதுவெளிக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். படைத்தவரே மற்றவர்களுக்கு முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. அவற்றில் வெளியானவற்றைப் பெயர் குறிப்பிட்டு, அந்தந்த உரிமத்தின் நிபந்தனைப்படி எடுத்துக்கொள்ளலாம். ‘என்னைப் பற்றி’ பக்கத்தில் கனவு காண்பவன், பயணி, வாழ்நாள் மாணவன் என்று அடுக்குவது: எவருக்கும் பொருந்தும் வரி உங்களைப் பற்றியது ஆகாது. ‘நீண்ட நாள் எழுதாததற்கு மன்னிக்கவும்’ என்று ஒரு பதிவு போடுவது: யாரும் காத்திருக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வாருங்கள்.

அடுத்தவர் கதையை எழுதுவது

2002இல் ஹெதர் ஆம்ஸ்ட்ராங் ‘டூஸ்’ என்ற தன் வலைப்பதிவில் அலுவலகத்தையும் சக ஊழியர்களையும் கிண்டல் செய்து எழுதியதால் வேலையை இழந்தார். வலைப்பதிவால் வேலை போவதற்கே ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. எங்கள் வகுப்பில் இதைச் சொல்லிச் சிரித்தோம். அடுத்த வாரம், குழு வேலையில் என்னோடு இருந்த ஒருவரைப் பற்றி, ‘கெடு நெருங்கினால் காணாமல் போகும் கலைஞர்’ என்று நான் பதிவு எழுதினேன். பெயர் போடவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். வகுப்பில் இருந்த 20 பேருக்கும் யார் என்று தெரிந்தது.

அவர் பின்னூட்டத்தில் ஒரே வரி எழுதினார்: “என் பகுதியைப் புதன்கிழமையே அனுப்பிவிட்டேன், உன் பழைய மின்னஞ்சல் முகவரிக்கு.”

நேர்காணலுக்குப் பிறகு முதலில் அழிக்க நினைத்தது அந்தப் பதிவைத்தான். அழித்தால் போய்விடும் என்பதும் ஒரு தவறான நம்பிக்கை. 1996இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகம் வலைப்பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவருகிறது. 2001 முதல் யார் வேண்டுமானாலும் அவற்றைத் திறந்து பார்க்கலாம். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அளித்த ‘மறக்கப்படும் உரிமை’த் தீர்ப்புகூட, தேடல் முடிவிலிருந்து இணைப்பை நீக்கச் சொல்ல வழிசெய்ததே தவிர மூலப் பக்கத்தை அழிக்கவில்லை. பிரதி எங்கும் இல்லாமலே போகலாம், ஆனால் அதை நம்பி எழுதக் கூடாது. பிழை தெரிந்தால் பதிவை வைத்துக்கொண்டே, மேலே தேதியிட்டு ஒரு திருத்தக் குறிப்பு எழுதுவது எனக்கு நேர்மையாகத் தோன்றுகிறது. இன்னொருவரைக் காயப்படுத்தும் பதிவாக இருந்தால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர்.

அதனால் அவரைத் தேடிப் பிடித்து, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அந்த வலைப்பதிவிலேயே உருப்படியான வரி தன்னுடைய பின்னூட்டம்தானாம், அது இருக்கட்டும் என்றார்.