1899ஆ, 1908ஆ? அழிக்கும் முன் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

நீலகிரி மலை ரயில் எப்போது ஓடத் தொடங்கியது? விக்கிப்பீடியாவில் ஒருவர் 1899 என்று எழுத, அடுத்தவர் 1908 என்று மாற்ற, முதலாமவர் மறுபடியும் மாற்றுவார். இருவரிடமும் சான்று இருக்கும். இரண்டும் சரிதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வண்டி வந்தது 1899இல். ஊட்டியை எட்டியது 1908இல். அதனால் ஓர் ஆண்டை அழிக்கும் முன், அது எந்த ஊர்வரைக்கும் என்று அதை எழுதியவர் காட்டிய நூலில் பாருங்கள். நீங்கள் சான்று தரும்போது பக்க எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள், பாதி வழக்கு தீர்ந்துவிடும். மீதியை, ஒவ்வொரு கட்டுரையோடும் இருக்கும் உரையாடல் பக்கத்தில் பேசிக்கொள்ளலாம்.

அப்புறம், காப்புரிமை. ஆண்டும் இடமும் யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொல்லும் வாக்கியம் எழுதியவருக்குச் சொந்தம். குன்னூர் தேவாலயம் ஒன்றைப் பற்றி நான் சேர்த்த பத்தியை நீக்கிவிட்டார்கள். ஒரு விழா மலரிலிருந்து எடுத்து, 'கட்டப்பட்டது' என்பதை 'எழுப்பப்பட்டது' என்று மாற்றியிருந்தேன். நீக்கியது நியாயம்தான். இப்போதெல்லாம் படித்ததும் நூலை மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வது போல எழுதுகிறேன். பிறகு திறந்து பெயர், ஆண்டு மட்டும் சரிபார்க்கிறேன்.

இந்தியாவில் அரசு வெளியீடுகளுக்குக் காப்புரிமை 60 ஆண்டுகள்தான். எனவே 1908இல் வந்த நீலகிரி மாவட்ட கெஸட்டியரிலிருந்து (மாவட்டத்தைப் பற்றிய அரசு விவரநூல்) தயங்காமல் எடுக்கலாம், மூலத்தைக் குறிப்பிட்டு. ஆனால் தோடர், படகர் பற்றி அதில் இருப்பது ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பார்வை. அதை 'அவர் எழுதுகிறார்' என்று சொல்லியே சேருங்கள்.