வார்டில் துணைக்கு இருப்பவர்களுக்கு: கைகழுவும் தொட்டியும் மூத்திரப் பையும்

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, ஆஸ்பத்திரி வார்டில் முதலில் கவனிக்க வேண்டியது கைகழுவும் தொட்டி. மிச்சச் சாயாவையும் கஞ்சித்தண்ணியையும் அதில் கொட்டாதீர்கள். வடிகுழாய் வளைவில் வழவழவென்று படிந்திருக்கும் பாக்டீரியாப் படலத்துக்கு அதுதான் தீனி. அங்கே கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, ஈ.கோலை என்ற இன்னொரு பாக்டீரியாவோடு ஒட்டிக்கொண்டு, ஆன்டிபயாடிக் மருந்தை முறிக்கும் ஜீன் உள்ள பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தை நகலெடுத்துக் கொடுத்துவிடும்; இனம் வேறானாலும் தடையில்லை. அப்படி மருந்தை முறிக்கும் ஜீன்களில் ஒன்றான, 2009-இல் அறிவிக்கப்பட்ட என்டிஎம்-1 ஜீனும் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகிறது. தண்ணீர் தெறித்தால் கிருமியும் வெளியே வரும். டம்ளர், துண்டு எதையும் தொட்டியருகே வைக்க வேண்டாம்.

மூத்திரப் பை இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக் கூடாது. முக்கால்வாசி நிறையுமுன் காலி செய்யுங்கள். பையின் குழாய்முனை பாத்திரத்தில் முட்டக் கூடாது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பாத்திரம். பக்கத்துக் கட்டிலுக்கு உதவப் போகுமுன் சானிடைசரை 20 முதல் 30 நொடி தேயுங்கள். கட்டைவிரலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.