அரை மணி நேரத்தில் இரவுச் சாப்பாடு: காய்கறியும் கொண்டைக்கடலையும் சேர்த்த பாஸ்தா

பாஸ்தா சாப்பிட்டால் வயிறு கனத்துப் போகும், அதெல்லாம் வார நாள் சாப்பாடு கிடையாது என்று நினைப்பவர்கள் நிறைய. தட்டு முழுக்கப் பாஸ்தாவையே போட்டு, மேலே கிரீமும் சீஸும் ஊற்றினால் அப்படித்தான் இருக்கும். பாஸ்தா எவ்வளவோ அதற்குக் குறையாமல் காய்கறி, கூடவே ஏதாவது ஒரு புரதம் என்று அளவை மாற்றிப் பாருங்கள். அதே பாஸ்தா, சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடிய இரவுச் சாப்பாடாகிவிடும். அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து தட்டில் போடுவது வரை 25, 30 நிமிடம் போதும். இதுவரை பாஸ்தா பாக்கெட்டைப் பிரித்தே பார்க்காதவர்களும் செய்யும்படி எழுதுகிறேன்.

என்னென்ன வேண்டும்

இரண்டு பேருக்குப் பாஸ்தா 160 கிராம். அதாவது ஆளுக்கு 80 கிராம். பாக்கெட்டில் பார்க்கும்போது கொஞ்சமாகத் தெரியும், ஆனால் வெந்தால் இரண்டு மடங்கு எடைக்கு மேல் வந்துவிடும். தராசு இல்லாவிட்டால், பென்னே (சிறு குழாய் வடிவம்) போன்ற குட்டையான பாஸ்தாவை ஆளுக்கு ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்கு பழுத்த தக்காளி 4, வெங்காயம் 1, குடைமிளகாய் 1, பூண்டு 5 பல், பசலைக்கீரை இரண்டு கை நிறைய, வேகவைத்த கொண்டைக்கடலை 1 கப். ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி (வேறு சமையல் எண்ணெயும் சரிதான்), உப்பு, மிளகு, காரத்துக்குக் கொஞ்சம் கொரகொரப்பாக இடித்த காய்ந்த மிளகாய், அரை எலுமிச்சம்பழம். துருவிய சீஸ் இருந்தால் 2 மேசைக்கரண்டி, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

இதில் கொண்டைக்கடலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். 80 கிராம் பாஸ்தாவில் சுமார் 10 கிராம் புரதம் இருக்கிறது. அரை கப் கொண்டைக்கடலை இன்னொரு 7 கிராம் தருகிறது, நார்ச்சத்தும் சேர்ந்து வருகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்காமல் இருப்பதற்கு இது பெரிய காரணம்.

எந்தப் பாஸ்தா வாங்குவது

பாக்கெட்டின் பின்பக்கத்தில் டியூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டியூரம் கடினமான கோதுமை. அதிலுள்ள புரதம் வலுவாகப் பிணைந்திருப்பதால் கொதிநீரில் வெந்தாலும் உருக்குலையாது. மைதாவில் செய்தது சீக்கிரம் குழைந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை செய்பவர்களுக்குப் பென்னே அல்லது ஃபுசில்லி (முறுக்கிய வடிவம்) நல்லது. அவற்றின் வரிகளிலும் முறுக்குகளிலும் சாஸ் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், கிளறுவதும் எளிது.

முழுக் கோதுமைப் பாஸ்தாவில் நார்ச்சத்து இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் சுவையும் கடியும் வேறு மாதிரி இருக்கும். முதலில் சாதாரணப் பாஸ்தாவில் கை பழகட்டும், அப்புறம் அதற்கு மாறலாம். பருப்பு மாவில் செய்த பாஸ்தாக்களும் கிடைக்கின்றன. புரதம் அதிகம்தான், ஆனால் வேகும்போது நிறைய நுரை தள்ளும், ஒரு நிமிடம் தாண்டினாலும் குழைந்துவிடும். பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

தண்ணீரை முதலில் வையுங்கள்

சமையலறைக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். காய் நறுக்குவதற்கு முன்பே பெரிய பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீரை அடுப்பில் ஏற்றி மூடி வைத்துவிடுங்கள். அது கொதிப்பதற்குள் நறுக்குகிற வேலை முடிந்துவிடும். அரை மணி நேரத்தில் சாப்பாடு தயாராவதும் முக்கால் மணி ஆவதும் இந்த ஒரு வரிசையில்தான் இருக்கிறது.

தண்ணீர் கொதித்ததும் ஒன்றரை தேக்கரண்டி உப்பு சேர்க்கவும். பாஸ்தா வேகும்போதே உள்ளே உப்பு ஏறினால்தான் ருசி, பிறகு மேலே தூவுவது அதற்கு ஈடாகாது. இத்தாலியில் லிட்டருக்கு 10 கிராம் வரை போடுவது வழக்கம். நாம் போடுவது அதில் பாதிக்குச் சற்று மேல். அதிலும் பெரும்பகுதி வடித்த தண்ணீரோடு போய்விடும், பயப்பட வேண்டாம். தண்ணீரில் எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய் மேலேயே மிதக்கும், பாஸ்தா ஒட்டாமல் தடுக்காது. வடிக்கும்போது பாஸ்தாமேல் படிந்து, சாஸை வழுக்கிவிடும். ஒட்டாமல் இருக்க ஒரே வழி, போட்ட முதல் ஒன்றிரண்டு நிமிடம் கிளறிவிடுவது. மேல்புற மாவு பிசுபிசுவென்று இருக்கும் நேரம் அதுதான்.

சாஸ்

தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கும்போதே பூண்டை மெல்லிய வில்லைகளாகவும், வெங்காயம், குடைமிளகாய், தக்காளியைச் சிறு துண்டுகளாகவும் நறுக்குங்கள். கீரையை மண் போக அலசி, தண்ணீர் வடிய விடுங்கள்.

அகலமான வாணலியில் எண்ணெயை ஊற்றி, அது காய்வதற்கு முன்பே பூண்டைப் போட்டு, தீயைச் சிறியதாக வையுங்கள். காய்ந்த எண்ணெயில் பூண்டு நொடியில் கருகிவிடும். ஆறிய எண்ணெயோடு சேர்ந்து மெல்லச் சூடேறினால் அதன் மணம் முழுவதும் எண்ணெயில் இறங்கும். வில்லைகளின் ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் வெங்காயம், குடைமிளகாய், இடித்த மிளகாய், ஒரு சிட்டிகை உப்பு. பூண்டு பழுப்பாகிவிட்டால் தயங்காமல் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அந்தக் கசப்பு கடைசி வாய்வரை கூடவே வரும்.

வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் தக்காளியைச் சேர்த்துத் தீயைக் கூட்டுங்கள். முதலில் தண்ணீர் விட்டுச் சலசலக்கும். ஏழெட்டு நிமிடத்தில் தோல் கழன்று, சதை கரைந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து தெரியும். அதுதான் பதம். தக்காளிக்குச் சிவப்பைத் தருகிற லைகோபீன், எண்ணெயில் வேகும்போது உடம்பில் இன்னும் நன்றாகச் சேர்கிறது. அதனால் எண்ணெயை ஒரேயடியாகக் குறைத்துவிட வேண்டாம். இரண்டு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி சரியான அளவு.

இப்போது கொண்டைக்கடலையைப் போட்டு, அதில் பாதியைக் கரண்டியின் பின்புறத்தால் வாணலியிலேயே நசுக்குங்கள். மீதி பாதி முழுசாகவே இருக்கட்டும். நசுக்கிய கடலை தக்காளியோடு கலந்து சாஸுக்குக் கெட்டித்தன்மையும் ஒரு வழவழப்பும் கொடுக்கும். கிரீம் செய்கிற வேலையை இதுவே செய்துவிடும்.

பாஸ்தாவைக் கொதிநீரில் போடும் நேரம்: தக்காளி வாணலிக்குப் போனதும். இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தயாராகும்.

வெந்ததா என்று பார்ப்பது

பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் 9வது நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் குறுக்கே கடித்து, கடித்த இடத்தை உற்றுப் பாருங்கள். பாஸ்தாவின் சுவருக்கு நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அந்த இடத்தில் மாவு இன்னும் வேகவில்லை. கோடு தடிமனாக, பற்களில் மாவு ஒட்டினால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். நூல் போல மெலிந்து, பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் கொடுத்தால் இறக்க வேண்டிய நேரம். மீதியைச் சாஸில் வேகவைக்கப் போகிறோம். இப்படிக் கொஞ்சம் உறுதியாக இருக்கும் பாஸ்தா, குழைய வெந்ததைவிட மெதுவாகச் செரிக்கும். சர்க்கரை சட்டென்று ஏறாமல் இருக்க அது உதவும்.

வடிப்பதற்கு முன் மறக்காமல் ஒரு கப் பாஸ்தாத் தண்ணீரை எடுத்துத் தனியே வையுங்கள். வடிகட்டியைத் தொட்டியில் வைக்கும்போதே கப்பையும் அதற்குள் வைத்துவிட்டால் ஞாபகம் வந்துவிடும். வடித்த பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள். மேலே படிந்திருக்கும் மாவுதான் சாஸைப் பிடித்து வைக்கப் போகிறது. ஆறவைத்துச் சாலட் செய்வதென்றால் மட்டும் அலசலாம்.

கடைசி இரண்டு நிமிடம்

நல்ல பாஸ்தாவையும் சுமாரான பாஸ்தாவையும் பிரிப்பது இந்த இரண்டு நிமிடம் என்பது என் உறுதியான எண்ணம். பாஸ்தாவைத் தட்டில் போட்டு மேலே சாஸை ஊற்றினால் இரண்டும் தனித்தனியாகவே இருக்கும். வாணலியில் ஒன்றாகக் கொதித்தால்தான் ஒரு உணவாகும்.

வடித்த கையோடு பாஸ்தாவைச் சாஸில் கொட்டி, எடுத்து வைத்த தண்ணீரில் அரை கப் ஊற்றி, தீயை முழுதாகக் கூட்டுங்கள். முதலில் பார்த்தால் தண்ணீராக, கெட்டுப்போன மாதிரி இருக்கும். விடாமல் புரட்டிக்கொண்டே இருங்கள். அந்தத் தண்ணீரில் பாஸ்தாவின் மாவுச்சத்து கரைந்திருக்கிறது. அது எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிணைக்கும். ஒரு நிமிடத்துக்குள் சலசலப்பு அடங்கி, குமிழிகள் கொழகொழவென்று பெரிதாகும். சாஸ் பளபளப்பேறி ஒவ்வொரு துண்டின் மேலும் படரும். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் வற்ற வேண்டும். ஒரு நொடி அப்படியே நின்று பிறகு மெல்ல மூடினால் சரியான பதம். இறுகிவிட்டது போலத் தெரிந்தால் இன்னும் இரண்டு கரண்டித் தண்ணீர் விடுங்கள். தட்டுக்குப் போன பிறகும் பாஸ்தா ஈரத்தை இழுக்கும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்குவது நல்லது.

இறக்க அரை நிமிடம் இருக்கும்போது கீரையைப் போட்டுப் புரட்டுங்கள். மலைபோல் தெரிகிற கீரை அந்தச் சூட்டிலேயே சுருங்கிவிடும், பச்சை நிறமும் போகாது. அடுப்பை அணைத்துவிட்டு மிளகு, எலுமிச்சைச் சாறு, சீஸ். கொதிக்கும்போதே சீஸ் போட்டால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். பாஸ்தாத் தண்ணீரிலும் சீஸிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

சில சந்தேகங்கள்

சாஸ் ரொம்பப் புளிக்கிறதா? அடுத்த தடவை வெங்காயத்தோடு பாதி கேரட்டைத் துருவிப் போடுங்கள், அதன் இனிப்பு புளிப்பைச் சமன் செய்துவிடும். இப்போதைக்கு ஒரு சிட்டிகைச் சர்க்கரை போதும். உப்பு கூடிப்போனால் பாஸ்தாத் தண்ணீருக்குப் பதில் வெந்நீரால் தளர்த்தி, கையில் இருக்கும் கீரையையோ கடலையையோ கூடுதலாகச் சேருங்கள்.

காய்கறியை மாற்றலாமா என்றால், தாராளமாக. ப்ரோக்கோலி, பீன்ஸ், உறைந்த பட்டாணி இவற்றுக்குத் தனிப் பாத்திரமே வேண்டாம். பாஸ்தா இறக்க மூன்று நிமிடம் இருக்கும்போது அதே கொதிநீரில் போட்டு ஒன்றாக வடித்துவிடலாம். பீன்ஸை மட்டும் மெல்லியதாக நறுக்க வேண்டும். காளானைப் பெரிய தீயில், வாணலியை நெருக்காமல், நிறம் மாறும்வரை உப்பில்லாமல் வதக்குங்கள். முன்னாலேயே உப்பிட்டால் தண்ணீர் விட்டு, வதங்காமல் வேகத் தொடங்கிவிடும். கொண்டைக்கடலைக்குப் பதில் முட்டை, பனீர், கோழி, டியூனா எதுவும் பொருந்தும். கோழியென்றால் சிறு துண்டுகளாக்கி முதலிலேயே வதக்கித் தனியே எடுத்துவைத்து, கடைசி இரண்டு நிமிடத்தில் சேருங்கள். நடுப்பகுதிவரை வெந்துவிட்டதா என்று ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பாத்திரம் கழுவவும் தெம்பில்லாத நாளில் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் செய்யலாம். சாஸில் தக்காளி கரைந்ததும் பச்சைப் பாஸ்தாவையும் அரை லிட்டர் கொதிநீரையும் சேர்த்து, அடிக்கடி கிளறி, தண்ணீர் வற்றும்வரை வேகவிடுங்கள். கடி கொஞ்சம் மென்மையாகத்தான் வரும், ஆனால் அந்த நாளுக்கு அது போதும்.

முன்கூட்டியே செய்து வைப்பது

விடுமுறை நாளில் கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து வேகவைத்து, ஒவ்வொரு கப்பாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். டின்னில் வருவதைப் பயன்படுத்தினால் இரண்டு தடவை அலசுங்கள், உப்பு குறையும். சாஸையும் இரண்டு மடங்காகச் செய்து, கீரை சேர்க்காமல் பாதியை ஃப்ரீசரில் போடலாம், இரண்டு மாதம் வரை சுவை மாறாது. அப்படி ஒரு டப்பா இருந்தால், பாஸ்தா வேகிற நேரம்தான் சமையல் நேரம்.

பாஸ்தாவை மட்டும் முன்கூட்டி வேகவைத்து வைப்பதை நான் சொல்லமாட்டேன். ஃபிரிட்ஜில் இறுகி, சூடாக்கும்போது உடைகிறது. ஆனால் செய்தது மீந்துவிட்டால் வீணாக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் வைத்து, மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிடலாம். வாணலியில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதில் பாஸ்தாவைப் போட்டு இரண்டு நிமிடம் மூடி, பிறகு நன்றாகச் சூடேறும்வரை புரட்டினால் சாஸ் மறுபடி இளகிவரும்.